பூச்சி போன பிறகும் வயிறு ஏன் உப்புகிறது?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்வந்ததிலிருந்து அவனுக்கு வயிறு சரியில்லை. நாற்றமடிக்கும் பேதி, எண்ணெய்ப் பிசுக்கோடு போனான். மலத்தில் ஜியார்டியா இருப்பதாகச் சொல்லி மெட்ரோனிடசோல் சிரப் 7 நாள் கொடுத்தார்கள், நின்றது. இரண்டு வாரத்தில் மறுபடியும் இளக்கம். வேறு கிளினிக்கில் ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல் சேர்ந்த சிரப் 5 நாள் கொடுத்தார்கள். இப்போது பேதி இல்லை. ஆனால் காலையில் பால் குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி, கடமுடா என்று சத்தம் போடுகிறது. மலத்தில் புளித்த வாடை, ஆசனவாய் சிவந்துபோகிறது. மறுபடி பரிசோதித்ததில் 'அமீபா சிஸ்ட்' என்று வந்து, மூன்றாவது முறையாக மெட்ரோனிடசோல் எழுதியிருக்கிறார்கள். இத்தனை மருந்தில் நல்ல பாக்டீரியா எல்லாம் செத்துப்போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. தம்பி விலை உயர்ந்த புரோபயாடிக் காப்ஸ்யூல் வாங்கி அனுப்பியிருக்கிறான். மாமியார் விளக்கெண்ணெய் கொடுத்துக் குடலைக் கழுவச் சொல்கிறார். ஆகஸ்டில் பள்ளியில் பூச்சி மாத்திரை தருவார்கள், அதைக் கொடுக்கலாமா? வயிற்றில் புழு இருப்பது எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே, அது உண்மையா?

வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அம்மா, நாளைக் காலையிலிருந்து பாலை நிறுத்துங்கள். தயிரையும் மோரையும் நிறுத்த வேண்டாம். மூன்றாவது முறை எழுதிய சீட்டை மருந்துக்கடைக்குக் கொண்டுபோகும் முன், நான் கீழே சொல்வதை வைத்து உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள். விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். பள்ளி மாத்திரையைத் தாராளமாகக் கொடுக்கலாம். அவசரத்துக்கு இது போதும். இனி ஒவ்வொன்றுக்கும் காரணம்.

ஜியார்டியா புழு அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. 1681இல் டச்சுக்காரர் லேவன்ஹூக் தனக்குப் பேதியானபோது தன் மலத்தையே தானே செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அசைந்து திரியும் சிற்றுயிர்களைப் பற்றி எழுதிவைத்தார். அவர் பார்த்தது ஜியார்டியாதான் என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. இது சிறுகுடலின் மேற்பகுதியில், தன் உடலின் அடிப்பக்கத்தில் இருக்கும் உறிஞ்சுதட்டு ஒன்றால் குடல் சுவரைப் பற்றிக்கொண்டு வாழும். சுவரைத் துளைத்து உள்ளே போகாது, இரத்தம் குடிக்காது. ஆனால் பற்றிய இடத்தைக் கெடுத்துவிடும்.

சிறுகுடலின் உட்பக்கம் டர்க்கி டவலின் பரப்பைப் போன்றது. விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளால்தான் அதற்கு அவ்வளவு பரப்பளவு. ஜியார்டியா இருக்கும் குடலில் இந்த விரல்கள் குட்டையாகலாம். அவற்றின் மேல்நுனியிலுள்ள செல்களில்தான் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோசைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி இருக்கிறது. நுனி தேய்ந்தால் முதலில் போவது இந்த நொதி. செல்கள் அடியிலிருந்து வளர்ந்து, நுனிக்கு ஏறி, முதிர்ந்த பிறகுதான் அது திரும்ப வரும். அதனால் குணமாகும்போது கடைசியில் வருவதும் இதுதான். ஜியார்டியா வந்தவர்களில் 20 முதல் 40 சதவீதம் பேருக்கு இப்படித் தற்காலிகமாகப் பால் ஒத்துக்கொள்ளாமல் போகிறது. பூச்சி முழுதாக ஒழிந்த பிறகும் சில வாரங்களுக்கு இது நீடிக்கும்.

செரிக்காத பால் சர்க்கரை அப்படியே இறங்கிப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. வாயு உண்டாகிறது, அமிலம் உண்டாகிறது, நீரும் இழுத்துக்கொள்ளப்படுகிறது. உப்புசம், கடமுடா சத்தம், புளித்த வாடை, அமிலம் பட்டு ஆசனவாய் சிவப்பது என்று நீங்கள் எழுதிய அத்தனையும் இதில் அடங்கிவிடுகின்றன. 'நல்ல பாக்டீரியா செத்துப்போயிருக்குமோ' என்று கேட்டீர்கள். அவை செத்திருந்தால் உங்கள் மகனுக்கு இப்படி வயிறு உப்பாது. பால் குடித்த சற்று நேரத்தில் கேட்கும் அந்தச் சத்தம், அவை உயிரோடும் நல்ல பசியோடும் இருப்பதற்கான சாட்சி.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு வாரம் பால், பால் பவுடர், பாலில் கலக்கும் சத்து மாவு, ஐஸ்கிரீம், பால்கோவா எதுவும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் வழக்கம்போல. உப்புசம் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. பிறகு அரை டம்ளரிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள், உணவோடு சேர்த்துக் கொடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். உறை ஊற்றிய பாலில் சர்க்கரையின் ஒரு பகுதியைத் தயிர் பாக்டீரியாக்களே தின்றுவிடுவதோடு, அவற்றின் நொதியும் குடலுக்குள் வந்து கொஞ்சம் உதவி செய்கிறது. அதனால்தான் தயிரை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு மூன்று மாதம் போயும் பால் சேரவில்லையென்றால் பதற வேண்டாம். தென்னிந்தியர்களில் பெரும்பாலோருக்கு வளர வளர லாக்டேஸ் குறைவது இயல்பு. சில குழந்தைகளுக்கு அது இந்த வயதிலேயே தொடங்கும். கேழ்வரகு, எள், கீரை, தயிர் எல்லாம் இருக்கும் வீட்டில் பால் இல்லாமலும் பிள்ளை வளரும்.

இனி மருந்துக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள உறவு. உங்கள் பயம் அடிப்படை இல்லாதது என்று நான் சொல்ல மாட்டேன்.

மெட்ரோனிடசோல் 1950களின் இறுதியில் பிரான்சில் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்காக உருவாக்கப்பட்ட மருந்து. 1962இல் இங்கிலாந்தில் இதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, வந்த நோயோடு சேர்த்து ஈறுப் புண்ணும் ஆறிப்போனது. ஈறுப் புண்ணுக்குக் காரணம் பாக்டீரியா. ஒட்டுண்ணிக்கான மருந்து பாக்டீரியாவையும் கொல்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. இந்த மருந்து செல்லுக்குள் போனவுடன் வேலை செய்வதில்லை. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் உயிரிகளின் உள்ளே மட்டும்தான் இது வேதிமாற்றம் அடைந்து நஞ்சாகிறது. ஜியார்டியா, அமீபா, டிரைகோமோனாஸ் மூன்றும் அப்படி வாழ்பவை. நம் பெருங்குடல் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவையும் அப்படியே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாய்வழி கொடுக்கும் மெட்ரோனிடசோல் ஏறக்குறைய முழுவதும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குப் போய்விடுகிறது. பெருங்குடல் வரை போய்ச் சேர்வது குறைவு, பேதியின்போது மட்டும் சற்று அதிகம். பாக்டீரியாக்களின் பெரும் குடியிருப்போ பெருங்குடலில்தான். முன்சிறுகுடலில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில ஆயிரம் என்றால், பெருங்குடலில் பத்தாயிரம் கோடி அளவில் இருக்கும். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் மொத்தம் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் என்று 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக்கழகத்தினர் கணக்கிட்டார்கள். எடையில் 200 கிராம். மனிதச் செல்களைப் போல் பத்து மடங்கு என்று இன்னமும் மேடைகளில் சொல்கிறார்கள். அது பழைய கணக்கு, ஏறக்குறைய சரிக்குச் சரி என்பதே புதியது.

எனவே முதல் 7 நாள் மருந்தால் பெரிய நாசம் நடந்திருக்க வாய்ப்பில்லை. அது தேவையான மருந்தும்கூட. இரண்டாவது சிரப்பில் இருந்த ஆர்னிடசோலும் ஜியார்டியாவுக்கு எதிரான மருந்துதான். கூடவே வந்த ஆஃப்லாக்சசினுக்கு ஜியார்டியாவிடம் எந்த வேலையும் இல்லை, அது பாக்டீரியாவுக்கான மருந்து. இரத்தமோ காய்ச்சலோ இல்லாத பேதிக்கு இந்த ஜோடி சிரப்பை எழுதும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எதுவென்று கண்டுபிடிக்கும் சிரமம் எதற்கு, இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பில் எழுதப்படுவது அது. நுண்ணுயிர்க் குடியிருப்பு கலைந்திருந்தால் பெரும்பாலும் இதனால்தான் கலைந்திருக்கும்.

கலைந்தது திரும்புமா? திரும்பும், நேரம் எடுக்கும். டென்மார்க்கில் ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு மூன்று வலுவான ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்து 4 நாள் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒன்றரை மாதத்தில் குடியிருப்பு ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் சில இனங்கள் ஆறு மாதம் கழித்தும் தென்படவில்லை. உங்கள் மகனுக்குக் கிடைத்தது அவ்வளவு கடுமையான மருந்தல்ல. ஒன்றிரண்டு மாதம் விட்டுவிட்டால் தானே எழும். 'விட்டுவிட்டால்' என்பதுதான் இங்கே முக்கியம்.

தம்பி அனுப்பிய காப்ஸ்யூல் அந்த எழுச்சிக்கு உதவுமா என்றால், தடையாகக்கூட இருக்கலாம். அதே 2018இல் வைஸ்மன் கழகத்தினர் 21 பேருக்கு ஒரு வாரம் சிப்ரோஃப்ளாக்சசினும் மெட்ரோனிடசோலும் கொடுத்தார்கள். உங்கள் மகனுக்குக் கொடுத்த ஜோடிக்கு மிக நெருக்கமான மருந்துகள். பிறகு ஒரு பிரிவினருக்கு 11 வகை பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் கொடுத்தார்கள், இன்னொரு பிரிவினரைச் சும்மா விட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களின் சொந்தப் பாக்டீரியாக்கள் சீக்கிரம் திரும்பின. காப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்கு வந்த விருந்தாளி பாக்டீரியாக்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரர்களைத் தாமதப்படுத்தின. ஆய்வு சிறியது, பெரியவர்களிடம் நடந்தது, எல்லாப் புரோபயாடிக்கும் ஒன்றல்ல. சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் போன்ற சிலவற்றை ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதே சேர்த்துக் கொடுத்தால் பேதியைக் குறைக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. உங்கள் பையனோ மருந்தை முடித்துவிட்டான், பேதியும் இல்லை. டப்பாவை மூடி வையுங்கள். தம்பியின் மனம் நோக வேண்டாம் என்றால், அடுத்த முறை அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 'அமீபா சிஸ்ட்'. சிஸ்ட் என்பது இத்தகைய உயிரி ஓடு போட்டுக்கொண்டு மலத்தோடு வெளியேறும் உறக்க நிலை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான்.

சீதபேதியையும் கல்லீரல் கட்டியையும் உண்டாக்கும் அமீபாவின் பெயர் என்டமீபா ஹிஸ்டோலிட்டிகா. அதைப் போலவே நுண்ணோக்கியில் தோன்றும் இன்னொன்று என்டமீபா டிஸ்பார். இது எந்த நோயும் செய்யாமல் பாக்டீரியாவைத் தின்றுகொண்டு பெருங்குடலில் வாழ்ந்துவிட்டுப் போகும். இரண்டும் வேறு வேறு என்று எமில் புரும்ப் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1925இலேயே சொன்னார், யாரும் நம்பவில்லை. 1993இல்தான் முறைப்படி பிரித்தார்கள். சிஸ்ட்டை மட்டும் பார்த்து இது அதுவா இதுவா என்று எவ்வளவு அனுபவமுள்ள டெக்னீஷியனாலும் சொல்ல முடியாது. அந்த உயிரியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனையோ மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையோ வேண்டும். ரிப்போர்ட்டில் ஹிஸ்டோலிட்டிகா என்று அச்சாகியிருந்தாலும், டிஸ்பாராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒரு பேச்சுக்கு அது ஹிஸ்டோலிட்டிகாதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சிஸ்ட்டுக்கு மெட்ரோனிடசோல் சரியான மருந்தல்ல. அது மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும் என்றேனே, அதே காரணத்தால் பெருங்குடலின் உள்வெளியில் கிடக்கும் சிஸ்ட்டை அது சரியாக ஒழிப்பதில்லை. அதற்குக் குடலின் உள்வெளியிலேயே வேலை செய்யும் டைலாக்சனைடு ஃப்யூரோயேட் போன்ற மருந்து வேண்டும். ஆகவே மலத்தில் இரத்தமோ சளியோ இல்லை, காய்ச்சல் இல்லை, பேதியும் நின்றுவிட்டது என்ற நிலையில் மூன்றாவது மெட்ரோனிடசோல் யாருக்கான வைத்தியம்? ரிப்போர்ட்டுக்கான வைத்தியம். உங்கள் மருத்துவரிடம் மரியாதையாக இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "சார், இது டிஸ்பாரா இருக்குமா? ஆன்டிஜென் டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமா?" நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ரிப்போர்ட்டில் வருவதெல்லாம் நோய் ஆகாது என்பதற்கு வேலூரே சான்று. எட்டு நாடுகளில் பச்சிளம் பருவத்திலிருந்து குழந்தைகளைப் பின்தொடர்ந்த மால்-எட் ஆய்வின் இந்திய மையம் வேலூர்தான். இரண்டு வயதுக்குள் ஜியார்டியா தொற்றாத குழந்தைகளே அந்த ஊர்களில் குறைவு. ஆனால் பேதி உள்ளவர்களைவிட இல்லாதவர்களிடம் அது குறைவாக இருந்ததா என்றால், இல்லை. கவலைக்குரியது வேறு: ஆறு மாதத்துக்குள்ளேயே தொற்றிக் குடலில் தங்கிவிட்ட குழந்தைகள் இரண்டு வயதில் சற்றுக் குள்ளமாக இருந்தார்கள். பேதியே இல்லாமல், உறிஞ்சும் பரப்பை மெல்லக் கெடுப்பதால் வரும் இழப்பாக அது இருக்கலாம். அதனால்தான் என் கண் எப்போதும் ரிப்போர்ட்டைவிடப் பிள்ளையின் எடை மீது இருக்கும்.

தேவையில்லாத மூன்றாவது சிரப்பை நான் தடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டீவன் சிங்கரும் தியோடர் நாஷும் எலிகளிடம் ஒன்றைக் கண்டார்கள். ஒரே இனத்து எலிகள்தான், ஆனால் வெவ்வேறு பண்ணைகளிலிருந்து வாங்கியவை. ஒரு பண்ணை எலிகளுக்கு ஜியார்டியா எளிதில் தொற்றியது, மற்றதற்குத் தொற்றவில்லை. இரண்டையும் ஒரே கூண்டில் போட்டதும் எதிர்ப்பு மற்றவற்றுக்கும் வந்துவிட்டது. எதிர்த்து நின்ற எலிகளுக்கு நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்ததும் அந்த எதிர்ப்பு போய்விட்டது. வித்தியாசம் எலியில் இல்லை, எலியின் குடல் பாக்டீரியாவில் இருந்தது. எலிக்குச் சரியானது மனிதனுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அடுத்தடுத்து ஆன்டிபயாடிக் வாங்கும் குழந்தைகளுக்கே குடல் தொற்று திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிற எனக்கு அந்த எலிகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இரண்டாவது முறை இளக்கமாகப் போனது மறுதொற்றாகவும் இருக்கலாம், பால் சேராததாகவும் இருக்கலாம். மறுதொற்று என்றால் மருந்து தோற்றுவிட்டது என்று பொருளல்ல. பத்துச் சிஸ்ட் வயிற்றுக்குள் போனாலே தொற்றப் போதும். தொட்டியில் போடும் சாதாரண அளவுக் குளோரினுக்கு ஜியார்டியா சிஸ்ட் எளிதில் சாவதில்லை. கேன் தண்ணீர் என்பதாலும் நிம்மதியடைய முடியாது, எங்கே நிரப்பியது என்பது யாருக்குத் தெரியும்? தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஒரு நிமிடம் விட்டால் போதும். பல் துலக்கவும் அதே தண்ணீர். சட்னிக்கும் மோருக்கும் ஊற்றும் தண்ணீரைப் பலர் மறந்துவிடுவார்கள். பையனின் நகத்தை வெட்டுங்கள், கழிப்பறை போய்வந்ததும் சோப்பால் கை கழுவவையுங்கள். சோப்பு என்று அழுத்திச் சொல்கிறேன், கையில் தேய்க்கும் சானிட்டைசர் சிஸ்ட்டை நம்பகமாகக் கொல்லாது. வீட்டில் வேறு குழந்தைக்கும் இதே தொல்லை இருந்தால் அதற்கும் மலப் பரிசோதனை செய்யுங்கள்.

பள்ளி மாத்திரைக்கு வருகிறேன். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வருடத்துக்கு இருமுறை தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுப்பது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். ஒன்றிலிருந்து 19 வயது வரை கொடுக்கிறார்கள், இரண்டு வயதுக்குள் அரை மாத்திரை. இது நல்ல பாக்டீரியாவைக் கொல்லுமோ என்ற பயம் வேண்டாம். இது புழுவின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்து முடக்குகிறது, புழு சர்க்கரையை உள்ளிழுக்க முடியாமல் பட்டினியில் சாகிறது. பாக்டீரியாவிடம் அந்தப் புரதம் இல்லை. மெட்ரோனிடசோலும் அல்பெண்டசோலும் 'பூச்சி மருந்து' என்ற ஒரே பெயரில் வீட்டுக்குள் வந்தாலும் பாக்டீரியாவைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு ஜாதி.

ஆனால் அந்த ஒரு மாத்திரையிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்க வேண்டாம். நாக்குப்பூச்சி என்று நாம் சொல்லும் உருண்டைப்புழுவை ஒரே வேளையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒழித்துவிடும். கொக்கிப்புழுவுக்குப் பத்தில் எட்டுப் பேர் அளவில் வேலை செய்யும். சாட்டைப்புழுவுக்குப் பத்தில் மூன்று பேர் தேறினால் அதிகம். ஜியார்டியாவுக்கு அல்பெண்டசோல் கொடுப்பதும் உண்டு, அதற்கு ஐந்து நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். பள்ளியில் ஒரு மாத்திரை விழுங்கினானே, ஜியார்டியாவும் போயிருக்கும் என்று நினைக்கக் கூடாது. அன்றைக்குக் காய்ச்சலோ பேதியோ இருந்தால் விடுபட்டவர்களுக்குக் கொடுக்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

புழு நல்லது என்ற வீடியோ முழுப் பொய் இல்லை, அதுதான் தொந்தரவு. மலேசியாவின் ஒராங் அஸ்லி பழங்குடி மக்களிடம் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, புழு உள்ளவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் அதிகமாக இருந்தன. புழுநீக்க மருந்து கொடுத்ததும் அந்தக் கலவை மாறியது. குடல் சுவர் நாள்பட அழலும் குரோன் நோயோடு தொடர்புள்ள மரபணுக் குறையோடு வளர்த்த எலிகளில் சாட்டைப்புழு குடலின் சளிப் படலத்தைப் பெருக்கி, தீங்கு செய்யும் ஒரு பாக்டீரியாவைப் பின்வாங்கவைத்தது. 2016இல் வெளியான ஆய்வு இது. புழுவுக்கும் பாக்டீரியாவுக்கும் உறவு இன்னும் ஆழமானது. எலியின் சாட்டைப்புழு முட்டை பொரிப்பதற்கே குடல் பாக்டீரியா அதன் முனையில் வந்து ஒட்ட வேண்டும் என்று 2010இல் மான்செஸ்டரில் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவைக் குறைத்தால் புழுவும் குறைந்தது. படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதையெல்லாம் வைத்துப் பன்றிச் சாட்டைப்புழு முட்டையைக் குரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனைகள் 2013இல் பலனில்லை என்று முடிந்தன. இங்கே நம் பிள்ளைகளிடம் இருப்பது ஆய்வகத்தில் எண்ணிக் கொடுத்த முட்டை அல்ல. வயல் வரப்பில் வெறுங்காலோடு நடக்கும்போது தோலைத் துளைத்து ஏறிய கொக்கிப்புழு. ஒவ்வொரு புழுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் குடிக்கும். ஏற்கெனவே இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்கு அது எந்த எதிர்ப்புச் சக்தியும் தராது, வகுப்பில் தூங்கிவழியத்தான் வைக்கும். மாத்திரையைக் கொடுங்கள், செருப்புப் போடச் சொல்லுங்கள்.

மாமியாரின் விளக்கெண்ணெய்க்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அந்நாளில் புழுவை மயக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, மயங்கிய புழு எழுவதற்குள் வெளியே தள்ளப் பேதிக்குக் கொடுப்பார்கள். இன்றைய மருந்துக்குப் பின் அதற்கு வேலை இல்லை. ஜியார்டியா எண்ணெயால் கழுவிப் போவதும் இல்லை. விளக்கெண்ணெய் குடல் சுவரை எரிச்சலூட்டித்தான் பேதியாக்குகிறது. இப்போதுதான் ஆறிக்கொண்டிருக்கும் சுவரை மறுபடி எரிச்சலூட்டுவானேன்? வீட்டில் சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். "டாக்டர் இந்த மூணு மாசம் மட்டும் வேணாம்னு சொல்லியிருக்காரு அத்தை" என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

சாப்பாடுதான் இங்கே உண்மையான மருந்து. சிறுகுடல் சுவரைக் கட்ட முட்டை, பாசிப்பருப்பு, மீன் போன்ற புரதம் தினமும் ஒரு வேளையாவது வேண்டும். பெருங்குடல் பாக்டீரியாவுக்கு நார்ச்சத்து வேண்டும். அவை நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான தீனி. ஆனால் உப்புசம் அடங்கும் முதல் வாரத்தில் ஒரேயடியாகக் கொண்டைக்கடலை, ராஜ்மா என்று இறங்க வேண்டாம். இட்லி, குழைந்த சாதம், வாழைப்பழம், வேகவைத்த கேரட், பூசணியில் தொடங்கி, பிறகு கீரை, கேழ்வரகு, பயறு என்று ஏற்றுங்கள். பழைய சோறு கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள். கொடுக்கலாம், கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றியதாக இருந்தால். பாட்டில் பழச்சாறும் குளிர்பானமும் வேண்டாம், அந்தச் சர்க்கரையும் பாலைப் போலவே கீழே போய்ப் புளிக்கக்கூடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது எடை பார்ப்பது. ஒரே தராசில், மாதம் ஒருமுறை. பால் நிறுத்தி இரண்டு வாரமாகியும் உப்புசம் குறையவில்லை, அல்லது இரண்டு மாதத்தில் எடை ஏறவில்லை, இறங்குகிறது என்றால் குழந்தைகள் குடல்நோய் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். அப்போது மூன்று வெவ்வேறு நாள் மலம் அல்லது ஜியார்டியா ஆன்டிஜென், இரத்த எண்ணிக்கை, தேவையென்றால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு, கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் கெடும் நோயான சீலியாக்குக்கான பரிசோதனை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். மலத்தில் இரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, விடாத மாலைக் காய்ச்சல், காலில் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும், கொடுத்த சிரப்புகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து, எத்தனை நாள் என்று தெரிந்தால் அவருடைய வேலை பாதி குறைந்துவிடும்.